பழைய ஸ்கிராப்புக் கிட்டில் புதுப் பக்கம்: முதலில் வெட்டு, பிறகு நிறம், கடைசியில் நிழல்

ஹார்ட் டிஸ்க் முழுக்க டிஜிட்டல் ஸ்கிராப்புக் கிட், அதாவது புகைப்படப் பக்கங்களை அலங்கரிக்கும் பேப்பர், பூ, ரிப்பன் படங்களின் தொகுப்பு, கிடக்கும். பக்கம் போட உட்கார்ந்தால் மட்டும் எல்லாமே ஏற்கெனவே போட்டுத் தீர்த்ததாகத் தோன்றும். உடனே புதிதாக ஒன்றை இறக்குவோம். அதில் இரண்டு பேப்பர், நாலு பூ எடுத்துவிட்டு அதையும் மூட்டை கட்டிப் போடுவோம்.

புதிதாக வந்தவர்கள் சிலருடன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். உத்தி தெரியாமல் தடுமாறியவர்கள் குறைவு. வரிசையில்தான் கோட்டை விடுகிறார்கள். ஒரு பூவைத் திறந்ததும் நிறத்தை மாற்றுவார்கள், நிழல் போடுவார்கள், எல்லாம் முடிந்தபின் வெட்டித் திருப்புவார்கள். அப்போது நிழல் தப்பான பக்கம் விழும், நிறம் ஒட்டாது. மறுபடி முதலிலிருந்து. இங்கே வரிசை வேறு: முதலில் வெட்டு, பிறகு நிறம், கடைசியில் நிழல். காரணங்கள் அந்தந்த இடத்தில் வரும்.

1. உட்காரும் முன்

லேயர் (ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கும் படத்தாள்) வசதி உள்ள ஏதாவது ஒரு மென்பொருள் வேண்டும். போட்டோஷாப் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் பிரவுசரிலேயே ஓடும் போட்டோபியாவோ கிம்ப்போ போதும். இரண்டுக்கும் காசு வேண்டாம். நான் சொல்லும் விசைகள் விண்டோஸில் ஓடும் போட்டோஷாப்புக்கானவை. போட்டோபியாவிலும் பெரும்பாலும் அவையே வேலை செய்யும். கிம்ப்பில் மெனுப் பெயர்கள் மாறும், சில வசதிகளுக்கு வேறு வழி தேட வேண்டியிருக்கும்.

அசலைத் தொடாதீர்கள். இறக்கிய ஜிப் ஃபைல்களை அப்படியே ஒரு ஃபோல்டரில் போட்டுவிட்டு, பிரித்த காப்பியில் மட்டும் கை வையுங்கள். கண்ட்ரோல் + எஸ் அழுத்துவது விரலுக்குப் பழகிப்போன ஒன்று, நம்மைக் கேட்காமலே அழுத்திவிடும். எனக்குப் பிடித்த பச்சைக் கோட்டுப் பேப்பர் ஒன்றை 900 பிக்சலுக்கு வெட்டி, அசல் மேலேயே சேவ் செய்துவிட்டேன். இறக்கிய இடத்தில் அது இப்போது இல்லை. இன்றும் அந்தச் சின்னத் துண்டுதான் மிச்சம்.

அடுத்து அளவு. 12 அங்குலச் சதுரப் பக்கம் 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) 3600 × 3600 பிக்சல். பழைய கிட்டைத் திறந்ததும் டிபிஐ எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள். அது ஒட்டிவைத்த சீட்டு மாதிரி, எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். பிக்சல் எண்ணிக்கைதான் உண்மையான அளவு. 300 பிக்சல் அகலமுள்ள பொத்தான் அச்சில் ஒரு அங்குலம் வரும். அதை இரண்டு மடங்கு பெரிதாக்கினால் மங்கித்தான் தெரியும். சின்னதாக இருப்பதைச் சின்னதாகவே பயன்படுத்துங்கள்.

கிட்டுடன் வரும் பயன்பாட்டு விதிகளை ஒருமுறை படித்துவிடுங்கள். சொந்தப் பக்கத்துக்காக நிறம் மாற்ற, வெட்ட, சேர்க்கப் பொதுவாகத் தடை இருக்காது. மாற்றிய பொருளைப் பிறருக்குக் கொடுப்பதும் விற்பதும் வேறு விஷயம். நிறத்தை மாற்றிவிட்டதாலேயே அது நம்முடையதாகிவிடாது.

2. கிட்டை உடையுங்கள், ஃபோல்டரை உடைக்காதீர்கள்

ஒரு நட்சத்திரம் பிறந்தநாள் கிட்டில் வந்தால் அது நமக்குக் காலமெல்லாம் பிறந்தநாள் நட்சத்திரம்தான். கடற்கரைப் படத்துக்கு நட்சத்திரம் தேடும்போது அந்த ஃபோல்டரை நாம் திறப்பதே இல்லை. பழைய கிட் அலுத்துப்போவதற்குப் பாதிக் காரணம் இந்தப் பெயர்தான்.

அதற்காகப் பூவையெல்லாம் ஒரு ஃபோல்டரிலும் பேப்பரையெல்லாம் இன்னொன்றிலும் கொட்டிவிடாதீர்கள். பல கிட்டுகளில் ஃபைல் பெயர் வெறும் "பேப்பர் 1", "பேப்பர் 2" என்றுதான் இருக்கும். ஒன்றின் மேல் ஒன்று எழுதிக்கொண்டு போய்விடும். எந்தப் பொருள் யாருடையது, அதற்கு என்ன விதி என்ற தொடர்பும் அறுந்துபோகும்.

ஃபோல்டர் இருக்கிறபடி இருக்கட்டும், டேக் (தேடி எடுக்க உதவும் குறிச்சொல்) மட்டும் போடுங்கள். படங்களை ஒழுங்குபடுத்தும் மென்பொருள்களான டிஜிகேம், அடோபி பிரிட்ஜ் இரண்டிலும் இது இலவசமாகவே முடியும். டிஜிகேமில் ஒரு கவனம்: டேக்கை ஃபைலுக்குள்ளேயே எழுதும்படி அமைப்பை மாற்றிக்கொள்ளுங்கள். அதன் தரவுத்தளத்தில் மட்டும் இருந்தால், வேறு மென்பொருளுக்கு மாறும் நாளில் உழைப்பு முழுக்க வீண்.

என்ன டேக்? பண்டிகைப் பெயர், கிட் தலைப்பு எதுவும் வேண்டாம். வடிவம் (வட்டம், நீளம், மூலை, கொத்து), பொருளின் தன்மை (துணி, மரம், உலோகம், காகிதம்), ஒளி (வெளிர், நடு, அடர்) ஆகிய மூன்றும் போதும். நிறத்துக்கு டேக் போடாதீர்கள். நிறத்தை எப்படியும் மாற்றப்போகிறோம்.

இருக்கிற எல்லாக் கிட்டுக்கும் ஒரே மூச்சில் டேக் போட ஆரம்பித்தவர்களில் முடித்தவரை நான் பார்த்ததில்லை. ஒரு பக்கம் போடும்போது எந்த ஐந்து கிட்டைத் திறக்கிறீர்களோ அவற்றுக்கு மட்டும் போட்டுக்கொண்டே போனால் தானாகச் சேரும்.

3. படத்தை முதலில் வையுங்கள்

3600 × 3600 அளவில் வெற்றுப் பக்கம் திறந்து புகைப்படத்தை அதன் இடத்தில் வைத்துவிடுங்கள். பேப்பர் தேடுவது அதற்குப் பிறகு. பேப்பரை முதலில் எடுத்தால் அழகான பேப்பரைத்தான் எடுப்போம், அதாவது எப்போதும் எடுக்கும் அதே பேப்பரை.

பிறகு வெவ்வேறு மூன்று கிட்டிலிருந்து மொத்தம் 15 பொருள்: பேப்பர் ஐந்து, எலிமென்ட் (பூ, ரிப்பன், பொத்தான் போன்ற தனிப் பொருள்) பத்து. ஒவ்வொரு கிட்டிலிருந்தும் குறைந்தது ஒரு பொருள் நீங்கள் இதுவரை தொடாததாக இருக்கட்டும். 15 என்பது நானாக வைத்துக்கொண்ட கணக்கு. 20 ஆனாலும் குற்றமில்லை. ஆனால் 60 எடுத்தால் வேலை முழுக்கத் தேர்வு செய்வதிலேயே போய்விடும். கைவசம் கொஞ்சமாக இருக்கும்போதுதான் இதை வெட்டினால் என்ன, அதைத் திருப்பினால் என்ன என்ற யோசனை வரும்.

4. நிறத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள்

எல்லா லேயருக்கும் மேலே கருப்பு நிரப்பிய ஒரு லேயர் போட்டு, அதன் பிளெண்ட் மோடை (மேல் லேயர் கீழ் லேயரோடு கலக்கும் முறையை) கலர் என்று மாற்றுங்கள். பக்கம் கருப்பு வெள்ளையாகிவிடும். இந்த லேயரை அழிக்க வேண்டாம், கண் குறியைத் தட்டி வேண்டும்போது அணைத்துக்கொள்ளலாம்.

எதற்கு இது? சிவப்புப் பேப்பரும் பச்சைப் பேப்பரும் பார்க்க எதிரெதிராக இருக்கும். கருப்பு வெள்ளையில் பார்த்தால் இரண்டும் ஒரே சாம்பலாக இருக்கலாம். அப்படி இருந்தால் ஒன்றின் மேல் ஒன்றை வைக்கும்போது எல்லைக் கோடே தெரியாது, நிறத்தை எவ்வளவு மாற்றினாலும் பக்கம் மந்தமாகவே இருக்கும். எடுத்த 15 பொருளில் வெளிர், நடு, அடர் மூன்றும் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அடர் இல்லையென்றால் இப்போதே ஒன்றை மாற்றிக்கொள்ளுங்கள்.

இன்னொரு லாபமும் உண்டு. "இந்தப் பூ ஆரஞ்சு, என் படத்துக்கு ஒத்துவராது" என்று நிறத்தைப் பார்த்தே ஒதுக்கிய பொருள்கள் இங்கே மறுபடி வாய்ப்புப் பெறும்.

5. வெட்டு: பேப்பர்

பேப்பரை முழுப் பக்கத்துக்கும் விரிக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. எனக்கு அதிகம் கைகொடுத்த வழிகள் இவை.

பேப்பரிலிருந்து உருவத்தை வெட்டி எடுங்கள். பறவை, இலை, பலூன் அச்சிட்ட பேப்பரில் ஒரு உருவத்தை மட்டும் லாசோவால் கொஞ்சம் தள்ளிச் சுற்றி, கண்ட்ரோல் + ஜே அழுத்தினால் அது தனி எலிமென்ட். ஓரத்தை ஒட்டி வெட்டாதீர்கள். 10, 15 பிக்சல் விளிம்பு விட்டு வெட்டினால் கத்தரிக்கோலால் கையில் வெட்டியது போலவே இருக்கும், வேலையும் சுலபம். புதியவர்கள் முடி முடியாகப் பிடித்து வெட்ட முயன்று பாதியில் விட்டுவிடுகிறார்கள்.

எலிமென்ட் வடிவத்தில் பேப்பரை வெட்டுங்கள். பட்டாம்பூச்சி லேயருக்கு மேலே பேப்பரை வைத்து, ஆல்ட் + கண்ட்ரோல் + ஜி அழுத்தினால் பேப்பர் அந்த வடிவத்துக்குள் அடங்கிவிடும். பிடிக்காத பட்டாம்பூச்சியின் வெளிக்கோடு மட்டும் நமக்குப் பயன்படும். ஒரே வடிவத்தை மூன்று பேப்பரில் வெட்டி அடுக்கினால் அது ஏற்கெனவே பார்த்த பட்டாம்பூச்சி என்று யாருக்கும் தெரியாது.

வடிவமைப்பைச் சிறிதாக்குங்கள். பெரிய பூக்கள் கொண்ட பேப்பரைப் பாதியாகச் சுருக்கினால் வேறு பேப்பராகிவிடும், ஆனால் பக்கத்தை நிரப்ப நான்கு துண்டு வேண்டும். நான்கும் சேரும் இடத்தில் கோடு தெரியுமா என்று முதலில் சோதியுங்கள்: ஃபில்டர் மெனுவில் அதர், அதனுள் ஆஃப்செட், கிடைமட்டம் 1800, செங்குத்து 1800, ராப் அரவுண்ட். கிம்ப்பில் இதே ஆஃப்செட் லேயர் மெனுவின் டிரான்ஸ்ஃபார்மில் இருக்கிறது. பேப்பரின் நாலு ஓரமும் நடுவுக்கு வந்து ஒரு சிலுவைக் கோடாகத் தெரிந்தால் அந்தப் பேப்பர் ஒட்டாது. கோடு லேசாக இருந்தால் குளோன் ஸ்டாம்பால் தடவிவிடலாம். அழுத்தமாக இருந்தால் விட்டுவிடுங்கள், நேரம்தான் வீண்.

கசங்கிய வெற்றுப் பேப்பரை யாரும் மதிப்பதில்லை, எனக்கு அது புதையல். ஷிஃப்ட் + கண்ட்ரோல் + யு அழுத்தி நிறத்தை எடுத்துவிட்டு, வேறு வழவழப்பான பேப்பருக்கு மேலே சாஃப்ட் லைட் முறையில் வையுங்கள். கசங்கல் மட்டும் இறங்கும். முழுக்க வேண்டாம், ஒபாசிட்டி 40 முதல் 60 போதும்.

6. வெட்டு: எலிமென்ட்

ரிப்பன் ஒன்றை அருகில் வைத்துப் பார்ப்போம். கிட்டில் வந்தது 1500 பிக்சல் நீளம், நடுவில் முடிச்சு. பக்கத்தின் குறுக்கே ஓட 3600 வேண்டும். பலர் கண்ட்ரோல் + டி (ஆங்கில T, இனி வரும் டி எல்லாம் இதுதான்) அழுத்திப் பக்கவாட்டில் இழுத்துவிடுகிறார்கள். நெசவு இழை இழுபட்டு முடிச்சு கொழுக்கட்டையாகிவிடும்.

இழுக்க வேண்டாம். முடிச்சுக்கும் நுனிக்கும் நடுவில், மடிப்பு இல்லாத ஒரு 400 பிக்சல் துண்டைத் தேர்வு செய்து கண்ட்ரோல் + ஜே. நுனியை வெட்டித் தள்ளி வைத்துவிட்டு, இடைவெளியில் இந்தத் துண்டை வரிசையாக வையுங்கள். ஒவ்வொன்றும் முந்தியதன் மேல் 30 பிக்சல் ஏறி நிற்கட்டும். ஏறிய இடத்தில் லேயர் மாஸ்க் (லேயரை அழிக்காமல் மறைக்கும் திரை) போட்டு மென்மையான கருப்பு பிரஷால் ஒரே ஒரு தடவல். இணைப்பு மறைந்துவிடும். ஒன்று விட்டு ஒன்றைப் பக்கவாட்டில் திருப்பி வைத்தால் ஒரே சுருக்கம் திரும்பத் திரும்ப வருவதும் கண்ணில் படாது. முடிந்ததும் எல்லாத் துண்டையும் ஒன்றாகச் சேர்த்துவிடுங்கள்.

நிறத்தை முதலில் மாற்றக் கூடாது என்று சொன்னது இதற்காகத்தான். இப்போது ரிப்பன் ஒரே லேயர், ஒரே நிறமாற்றம் போதும். துண்டுதுண்டாக நிறம் மாற்றிவிட்டு ஒட்டியிருந்தால் இணைப்புக்கு இணைப்பு ஒரு சாயல் வித்தியாசம் காட்டிக்கொடுக்கும்.

பூக்களுக்கு அடுக்கு. மூன்று வெவ்வேறு கிட்டின் பூக்கள், பெரிது கீழே, சிறிது மேலே, ஒவ்வொன்றும் கொஞ்சம் சுழற்றி, நடுவில் இன்னொரு கிட்டின் பொத்தான். தனியாகப் பார்த்தால் எதுவும் புதிதில்லை, சேர்ந்தபின் அப்படி ஒரு பூ எந்தக் கிட்டிலும் இல்லை.

ஒற்றை இலையிலிருந்து வளையம் செய்யலாம். கண்ட்ரோல் + ஆல்ட் + டி அழுத்தி, சுழலும் மையப் புள்ளியை இலைக்கு வெளியே கீழே இழுத்து வைத்து, 30 டிகிரி சுழற்றி என்டர். பிறகு கண்ட்ரோல் + ஆல்ட் + ஷிஃப்ட் + டியைப் பத்து முறை அழுத்தினால் 12 இலையும் வட்டமாக நிற்கும். மையப் புள்ளி தெரியவில்லையென்றால் மேல் பட்டியில் அதற்கான கட்டத்தில் டிக் போட வேண்டியிருக்கும். இப்படி வரும் வளையம் ரப்பர் ஸ்டாம்ப் குத்தியது போல் இருக்கும் என்பதால் இங்கே நிறுத்தாதீர்கள். மூன்றாவது, ஏழாவது இலையைத் திருப்புங்கள், இரண்டைச் சுருக்குங்கள், ஒன்றை எடுத்தே விடுங்கள்.

ஃபிரேமை முழுதாக வைக்காமல் எதிரெதிர் இரண்டு மூலையை மட்டும் வெட்டி எடுத்துப் படத்துக்கு மாட்டலாம். செய்ய ஒரு நிமிடம் ஆகாது.

சுருக்குவதற்கு முன் ஸ்மார்ட் ஆப்ஜெக்டாக மாற்றிக்கொள்ளுங்கள். சாதாரண லேயரைச் சுருக்கி என்டர் கொடுத்ததும் மிச்சப் பிக்சல் போய்விடும். பிறகு "கொஞ்சம் பெரிதாக இருந்தால் நல்லது" என்று இழுத்தால் மங்கும். சுழற்றுவதும் அப்படியே. 90, 180 டிகிரிக்குப் பாதிப்பில்லை, மற்றக் கோணங்களில் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூர்மை குறையும். ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் எத்தனை தடவை திருப்பினாலும் அசலிலிருந்தே கணக்குப் போடும்.

7. எழுத்துகள்

ஆல்ஃபா என்று வரும் எழுத்துத் தொகுப்புகளில் தலைப்புக்கு ஏழெட்டு எழுத்தை எடுத்துவிட்டு மீதியை மறந்துவிடுகிறோம். ஆங்கில "ஓ" ஒரு வளையம், சின்னப் படத்துக்கு ஃபிரேம். முற்றுப்புள்ளி ஒரு பொட்டு. 20 காப்பி எடுத்துத் தூவினால் அலங்காரம். ஆங்கில "ஐ" ஒரு பட்டை, வரிசையாக அடுக்கினால் வேலி.

தமிழில் தலைப்பு வேண்டுமென்றால் எழுத்துருவில் தட்டி, மேலே பேப்பரை வைத்து அதே ஆல்ட் + கண்ட்ரோல் + ஜி. தடித்த எழுத்துருவாக இருக்கட்டும், மெல்லிய கோட்டில் பேப்பரின் வடிவமைப்பு தெரியாது. பழைய போட்டோஷாப் பதிப்புகளில் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். பிரிஃபரன்ஸஸில் டைப் பகுதிக்குப் போய் தெற்காசிய மொழிகளுக்கான எழுத்து இயந்திரத்தைத் தேர்வு செய்து, மென்பொருளை மூடித் திறந்து, புது ஃபைலில் தட்டிப் பாருங்கள்.

8. டெம்ப்ளேட்டைத் திருப்புவது

லேயர் உள்ள டெம்ப்ளேட் (படம், பேப்பர், எழுத்துக்கு இடம் குறித்த பக்க மாதிரி) ஒன்றிருந்தால் அதில் நான்கு பக்கமாவது இருக்கிறது. 90 டிகிரி திருப்புங்கள், கண்ணாடிப் பிம்பமாக்குங்கள், அல்லது ஒன்றின் இடப்பாதியையும் இன்னொன்றின் வலப்பாதியையும் சேருங்கள்.

அதைவிட எனக்குப் பிடித்தது வேலையை மாற்றுவது. படம் வைக்கச் சொன்ன கட்டத்தில் பேப்பர், பேப்பர் கட்டத்தில் எழுத்து, எழுத்துக் கட்டத்தில் படம். பிறகு லேயரில் மூன்றில் ஒரு பங்கை அணைத்துப் பாருங்கள். டெம்ப்ளேட்டில் உள்ள எல்லாவற்றையும் நிரப்பியே ஆக வேண்டும் என்று நினைப்பதால்தான் பக்கங்கள் ஒரே அச்சில் வார்த்தவை போல் இருக்கின்றன.

திருப்பும்போது இரண்டு பொறிகள் உண்டு. எழுத்து லேயரும் கண்ணாடிப் பிம்பமாகிவிடும், ஆகவே அதை அழித்துப் புதிதாகத் தட்டுங்கள். நிழல் தனிப் படலேயராக வந்திருந்தால் அதுவும் சேர்ந்து திரும்பிவிடும். அதையும் இப்போதே அழித்துவிடுங்கள். நிழலை எப்படியும் கடைசியில் போடப்போகிறோம்.

9. நிறம்

புதியவர்கள் அதிகம் திணறும் இடம் இது. எல்லாவற்றுக்கும் ஹியூ ஸ்லைடரை (நிறத்தின் சாயலை நகர்த்துவது) இழுப்பதுதான் காரணம்.

முதலில் படத்திலிருந்து ஐ டிராப்பரால் மூன்று நிறம் எடுங்கள்: ஒரு வெளிர், ஒரு நடு, ஒரு அடர். பக்கத்தின் ஓரத்தில் மூன்று சின்னச் சதுரமாக ஒரு லேயரில் வைத்துக்கொள்ளுங்கள். இனி எந்த நிறமும் இந்த மூன்றிலிருந்துதான். கண்ணால் மதிப்பிட்டு மாற்றினால் 15 பொருளில் ஆறு நீலம் வந்து நிற்கும்.

பிறகு பொருள் எந்த வகை என்று பாருங்கள். ஒவ்வொன்றிலும் செய்வது ஒன்றுதான்: பொருளுக்கு மேலே வேண்டிய நிறத்தில் நிரப்பிய லேயர், அதை கிளிப்பிங் மாஸ்க்காக (அதே ஆல்ட் + கண்ட்ரோல் + ஜி) அடக்குவது, பிளெண்ட் மோடை மாற்றுவது. எந்த மோட் என்பதில்தான் வித்தியாசம்.

வெள்ளை அல்லது மிக வெளிரானது: மல்டிப்ளை. பெருக்கல் கணக்கு அது. வெள்ளையை எதோடு பெருக்கினாலும் அந்த நிறமே வரும், சுருக்கங்களின் சாம்பல் அடர்ந்து நிற்கும். ஆகவே கிட்டில் வெள்ளைப் பூ, வெள்ளை ரிப்பன் இருந்தால் அவைதான் உங்கள் நல்ல முதலீடு. எந்த நிறத்தையும் ஏற்கும்.

நடுத்தர நிறம் உள்ளது: கலர். பொருளின் வெளிச்சத்தை வைத்துக்கொண்டு நிறத்தை மட்டும் மாற்றும்.

கருப்பு: மேலே சொன்ன இரண்டும் வேலை செய்யாது. கருப்பை எதோடு பெருக்கினாலும் கருப்புதான். ஸ்கிரீன் மோட் போடுங்கள்.

மஞ்சள் பூவை நீலமாக்கிய ஒருவர், "நிறம் சரியாகத்தான் இருக்கு, ஆனா பூ செத்துப்போச்சு" என்றார். அவர் செய்தது கண்ட்ரோல் + யு, ஹியூ ஸ்லைடரை இழுத்தது. திரையின் தூய மஞ்சளுக்கு, வெள்ளையை 100 என்று வைத்தால், கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம் சுமார் 93. தூய நீலத்துக்கு வெறும் 7. ஹியூ ஸ்லைடர் இந்த வித்தியாசத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. இதழின் வெளிச்சம் எல்லாம் இருட்டில் விழுந்துவிட்டது. கலர் மோடில் செய்திருந்தால் மஞ்சளின் வெளிச்சம் அப்படியே நின்று, வெளிர் நீலப் பூ கிடைத்திருக்கும். அடர் நீலமே வேண்டுமென்றால் அதன் பிறகு லெவல்ஸில் மெதுவாக இறக்கலாம், இதழின் மடிப்பு தெரியும் வரை.

மரம், உலோகம், கயிறு இவற்றின் நிறத்தை மாற்றாதீர்கள். மரத்தை ஊதாவாக்கினால் பிளாஸ்டிக் போலாகிவிடும். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைப்பதோடு நிறுத்துங்கள். அதோடு, எடுத்த 15 பொருளில் ஐந்தையாவது அசல் நிறத்திலேயே விடுங்கள். எல்லாவற்றையும் மாற்றினால் ஒரே சாயத் தொட்டியில் முக்கியெடுத்த துணி மாதிரி இருக்கும். இது நானே பல பக்கம் கெடுத்தபின் தெரிந்துகொண்டது.

முடித்ததும் நான்காம் படியில் வைத்த கருப்பு வெள்ளை லேயரை மறுபடி எரியவிட்டுப் பாருங்கள். நிறம் மாற்றியதில் வெளிர், நடு, அடர் கலைந்திருந்தால் அது உடனே தெரியும்.

10. நிழல்

வெவ்வேறு கிட்டிலிருந்து வந்த பொருள்கள் ஒரே மேசையில் கிடப்பதாகக் கண்ணை நம்பவைப்பது நிழல்தான். ஒளி எல்லாவற்றுக்கும் ஒரே திசையிலிருந்து வர வேண்டும். டிராப் ஷேடோவில் குளோபல் லைட் டிக் இருக்கட்டும், கோணம் 120, அதாவது மேல் இடமிருந்து வெளிச்சம்.

போடும் முன் ஒரு சோதனை. பின்னால் பளிச்சென்ற ஒரு நிறத்தை வைத்து, 200 சதவீதம் பெரிதாக்கி, ஒவ்வொரு பொருளின் ஓரத்தையும் பாருங்கள். சாம்பல் புகை ஒட்டியிருந்தால் அந்தப் பொருளோடு நிழல் சேர்ந்தே வந்திருக்கிறது. ஒன்றாகக் கட்டி வரும் பூங்கொத்துகளில் இது சகஜம். அதைத் தலைகீழாகத் திருப்பியிருந்தால் நிழல் மேல்நோக்கி விழும். ஒன்று, அதைப் பழைய கோணத்துக்கே கொண்டுவாருங்கள். இல்லை, நிழல் தெரியும் ஓரத்தை வேறொரு பொருளின் அடியில் செருகிவிடுங்கள். அதன் மேல் இன்னொரு நிழல் மட்டும் போடாதீர்கள்.

3600 பிக்சல் பக்கத்தில் நான் வைக்கும் அளவு: பேப்பர் மேல் பேப்பர் என்றால் தூரம் 6, அளவு 12. பொத்தான், ஃபிரேம் என்றால் தூரம் 12, அளவு 20. அடுக்குப் பூ என்றால் தூரம் 25, அளவு 35. தடிமன் கூடக் கூட நிழல் தள்ளி விழும், மென்மையாகும், வெளிறும். எல்லாவற்றுக்கும் ஒரே நிழலைக் காப்பி செய்து ஒட்டினால் மெல்லிய காகிதமும் தடித்த பொத்தானும் ஒரே உயரத்தில் மிதக்கும்.

நீட்டிய அந்த ரிப்பனுக்கு இன்னும் ஒரு வேலை. லேயர் ஸ்டைலில் நிழல் போட்டபின் அதை கிரியேட் லேயர் கட்டளையால் தனி லேயராகப் பிரியுங்கள். கண்ட்ரோல் + டி, வலது கிளிக், வார்ப். முடிச்சின் அடியில் நிழலை 20 பிக்சல் கீழே இழுங்கள், ரிப்பன் பேப்பரோடு ஒட்டிக் கிடக்கும் இடங்களில் உள்ளே தள்ளுங்கள். துணி எங்கே தூக்கி நிற்கிறது, எங்கே படிந்திருக்கிறது என்பது அப்போதுதான் தெரியும்.

நிழலை இப்படிப் பிரித்தபின் ரிப்பனை நகர்த்தினால் நிழல் கூட வராது. இரண்டையும் லிங்க் செய்துவிடுங்கள்.

11. சேமிப்பது

பக்கத்தை லேயருடன் பிஎஸ்டியாக ஒன்று, அச்சுக்கு ஜேபெக்காக ஒன்று.

நீட்டிய ரிப்பன், அடுக்கிய பூ, இலை வளையம் இவற்றைத் தனித்தனியே பிஎன்ஜியாகச் சேமியுங்கள், நிழல் இல்லாமல். ஜேபெக்கில் சேமித்தால் ஒளிபுகும் பகுதி வெள்ளைக் கட்டமாகிவிடும். முதல் வாரத்தில் இந்தத் தவறைச் செய்யாதவர் அரிது. சேமிக்கும் முன் இமேஜ் மெனுவில் டிரிம் கொடுத்து வெற்றிடத்தை வெட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரு சின்ன இலை 3600 பிக்சல் வெற்றுத் தாளோடு திறக்கும்.

பெயர் வைக்கும்போது அசல் ஃபைல் பெயரை முன்னால் விட்டு, பின்னால் மாற்றத்தைச் சேருங்கள்: "ரிப்பன் 3 - நீளம் - அடர்நீலம்" என்பது போல. எந்தக் கிட்டிலிருந்து வந்தது, யாருடைய விதி பொருந்தும் என்பது பெயரிலேயே இருக்கும். இவற்றை அசல் கிட் ஃபோல்டருக்குள் போடாமல் "மாற்றியவை" என்று தனி ஃபோல்டரில் வையுங்கள், அதே மூன்று டேக்குடன். அடுத்த பக்கத்துக்கு 15 பொருள் எடுக்கும்போது இந்த ஃபோல்டரையும் ஒரு கிட்டாகக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.